அந்தப் பள்ளம் மட்டும்

“அதைத் தொடாதீங்க. அது மட்டும் அப்படியே இருக்கணும்” என்றாள் அம்மா.

கடிகாரக் கடைக்காரர் கண்ணில் இடுக்கியிருந்த லென்ஸை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். அப்பாவின் பழைய கைக்கடிகாரத்து ஓரத்தில் ஓர் அரிசி நீளத்துக்கு நசுங்கல். அம்மா கடிகாரத்தைக் கையில் வாங்கி அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் நின்ற மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த காலமெல்லாம் ஊட்டியதும் துடைத்ததும் புரட்டிப் படுக்கவைத்ததும் அம்மாதான். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த அலுப்பு தீர்ந்தபாடில்லை. கடைக்குள் வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

“பாலிஷ் போட்டா புதுசாட்டம் ஆயிடும்மா. உன் மாப்பிள்ளை கட்டிக்கட்டும்னுதானே கொண்டுவந்தோம்?” என்றாள் மகள்.

“போடு, யாரு வேண்டாம்னா? அந்தப் பள்ளத்தை விட்டுடச் சொல்லு.”

“ஒரு எடத்தை மட்டும் விட்டுட்டுப் போட முடியாதும்மா” என்றார் கடைக்காரர். “ஒண்ணு, முழுசா தேய்க்கணும். இல்ல, தொடவே கூடாது. ஆமா, எதுல பட்ட அடி இது? பலமால்ல பட்டிருக்கு!”

மகள்தான் முந்திக்கொண்டாள். “அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார். வாட்ச் கட்டற வலது கைதான். மணிக்கட்டே ஒடிஞ்சுபோச்சு. நான் அப்போ ஸ்கூல் போயிட்டிருந்தேன்.”

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. “விழறது, இடிச்சுக்கறது எல்லாம் எங்க வீட்டுல அம்மா டிபார்ட்மென்ட்டுங்க. அலமாரிக் கதவு, மாடிப்படி, ஜன்னல்னு எல்லாம் இவங்களைத் தேடிவந்து இடிக்கும். ‘உங்கம்மாவுக்குக் கண்ணு பொடனியில இருக்கு’ன்னு அப்பா ஓட்டுவார். அன்னைக்கு அதிசயமா அவரே விழுந்தார். யாரு கண்ணு பட்டுச்சோ, அதோட அம்மா விழறதும் நின்னுபோச்சு!”

கடைக்காரர் சிரித்தார். அம்மாவும் லேசாகச் சிரித்தாற்போலத்தான் இருந்தது.

“அப்போ என்னம்மா பண்ணட்டும்? போடவா, வேண்டாமா?”

மகள் யோசித்தாள். பளபளக்கும் வாட்ச் கட்டிய கையோடு வீட்டுக்காரரைப் பார்க்க அவளுக்கு எவ்வளவோ ஆசை. அப்பாவே திரும்பி வந்த மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு அடம்பிடிக்க அவளுக்கு மனசு வரவில்லை.

“வேண்டாங்க. இருக்கறபடியே இருக்கட்டும். அம்மாவே வெச்சுக்கட்டும்.”

அம்மா கடிகாரத்தைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். இத்தனை நாளில் அவள் முகத்தில் அன்றுதான் கொஞ்சம் தெம்பு தெரிந்தது. மகள் பக்கத்தில் குந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

“அப்பா மேல உனக்கு இவ்ளோ உசிரா? அவர் விழுந்த அடையாளத்தைக்கூட விட மனசு வரலையே உனக்கு!”

அம்மா நிதானமாக அவளைப் பார்த்தாள்.

“அவர் விழவே இல்லடி. ஓங்கின கை சுவத்துல பட்டுது. அன்னைக்குத்தான் நான் குனிஞ்சேன்.”