ஒண்ணாம் நம்பர்

“பாலகிருஷ்ணன் சார் கம்பெனி நம்ம யுவஸ்ரீக்கா!”

கம்ப்யூட்டர் லேபே அதிர்ந்தது. செராமிக் டிப்ளமோ கடைசி வருஷப் பிள்ளைகள் மொத்தமும் ட்ரெய்னிங் லிஸ்ட் வந்த திரைக்கு முன்னால் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். விருத்தாசலத்தில் டீ கப் செய்யும் கம்பெனிகளிலேயே பெரியது அது. அங்கே ட்ரெய்னிங் கிடைத்தால் வேலையும் கிடைத்த மாதிரிதான்.

“மேடமும் யுவஸ்ரீயும் ஒரே தெரு. அப்புறம் எப்படி கெடைக்காம போவும்?” விமல்ராஜ் பின்னாலிருந்து குரல் கொடுத்தான்.

ட்ரெய்னிங் பொறுப்பைப் பார்த்துக்கொண்ட சௌந்தர்யா மேடத்துக்குச் சுருக்கென்றது. இந்தச் சிபாரிசுப் பேச்சே வரக்கூடாது என்றுதானே இத்தனை பாடு! யாரோ புண்ணியவான் எழுதி இன்டர்நெட்டில் இலவசமாகப் போட்டிருந்த புரோகிராமை எடுத்து வைத்திருந்தாள். பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த கம்பெனிகளை வரிசையாகச் சொல்ல வேண்டியது. கம்பெனிக்காரர்கள் நேரில் பார்த்த பிள்ளைகளுக்கு வரிசை நம்பர் போட வேண்டியது. ரெண்டு பக்கத்து ஆசையையும் பார்த்து அதுவே ஜோடி சேர்த்துவிடும். கல்யாணத் தரகர் வேலைதான், கமிஷன் மட்டும் கிடையாது!

“நான் ஒண்ணும் பண்ணலடா. யுவஸ்ரீ அந்தக் கம்பெனியத்தான் முதல்ல கேட்டிருக்குது. சாரும் அவளுக்குத்தான் ஒண்ணு போட்டிருக்காரு. மெஷின் சேத்து வெச்சிருச்சு, அவ்ளோதான்.”

“ஐயோ அம்மா!” என்று கத்திக்கொண்டே யுவஸ்ரீ வெளியே ஓடினாள். மற்ற பிள்ளைகளும் கேன்டீனுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் பாலகிருஷ்ணனே வந்து நின்றார். ரிசல்ட் அவர் போனுக்கும் போயிருந்தது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“என்னா மேடம், மெஷின் பாத்துக்கும்னு சொல்லிட்டு அந்தப் பொண்ண என் தலையில கட்டிட்டீங்களே! அன்னிக்கு எங்க கம்பெனிக்கு வந்தப்ப என்னா பண்ணுச்சு தெரியுமா? கை நடுங்கி, பலகை நெறைய இருந்த கப்பக் கீழ போட்டுட்டு ஓன்னு அழுவுது!”

“நீங்கதான சார் அவளுக்கு ஒண்ணு போட்டீங்க?”

“ஆமா, பத்துக்கு ஒண்ணு! அதுவும் பாவமாச்சேன்னு போட்டேன். கூட வந்த அறிவழகனுக்குப் பத்துக்குப் பத்து குடுத்தேன், அவனக் காணோம்!”

சௌந்தர்யாவுக்குத் தலை சுற்றியது.

“சார்... அது மார்க்கு இல்ல, வரிசை நம்பரு. ஒண்ணுன்னா முதல் ஆளு. நீங்க தலைகீழா போட்டுட்டீங்க.”

“அடக் கடவுளே! சரி, மாத்திப் போட்டு இன்னொரு வாட்டி ஓட்டுங்க. ஒரு பட்டன்தான?”

ஒரு பட்டன்தான். ஆனால் மற்ற எல்லாக் கம்பெனியும் யுவஸ்ரீயைக் கடைசியில்தான் போட்டிருந்தது. மறுபடி ஓட்டினால் அந்தப் பெண்ணுக்கு எதுவுமே மிஞ்சாது. பாவமாக இருந்தாலும், நியாயம் நியாயம்தானே? சௌந்தர்யா கீபோர்டில் கை வைத்தாள்.

“மேடம், லட்டு!”

பெட்டியோடு ஓடி வந்த யுவஸ்ரீ, பாலகிருஷ்ணனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“சார்! வூட்டுக்குப் போன் பண்ணேன், யாருமே நம்பல சார். கப்ப ஒடைச்சவள எவன் சேத்துப்பான்னு அன்னிக்கு அப்பாவே திட்டுனாரு. சின்னதுலேருந்து எல்லாத்துலயும் நான் கடைசிதான் சார். என்னப் போயி முதல்ல போட்டிருக்கீங்களே... ஏன் சார்?”

லட்டு நீட்டிய கை இப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

பாலகிருஷ்ணன் ஒரு லட்டை எடுத்துக்கொண்டார்.

“அது இன்னும் சூளையில வெச்சுச் சுடாத கப்பு பாப்பா. ஒடைஞ்சா என்னா? கரைச்சு மறுபடி அச்சுல ஊத்திக்கலாம். திங்கக்கெழம காலையில வேலைக்கு வந்துடு.”

“தேங்க்ஸ் சார்! வந்துடறேன் சார்!” அவள் பறந்துவிட்டாள்.

சௌந்தர்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

“சார், மாத்தி ஓட்டணும்னீங்களே?”

“எதுக்கு?” பாலகிருஷ்ணன் லட்டை வாயில் போட்டுக்கொண்டார். “ஒண்ணுன்னா முதல் ஆளுன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க? நான் சரியாத்தான் போட்டிருக்கேன்.”