அன்டன் நின்ற பாறை

அன்டன் இறந்து ஒரு வருடம் ஆன ஆண்டுப் பூசைக்கு வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துக் கலைந்த பிறகும், ஒருவர் மட்டும் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

வலது சட்டைக்கை முழங்கைக்குக் கீழே வெறுமையாகத் தொங்கியது. பொகவந்தலாவை மலைக் குளிருக்குப் பழகாத உடம்பு; நடுங்கியது.

அன்டனோடு தூண்டில் போடப் போன ஆட்களில் ஒருவராக இருக்கும் என்று நினைத்தாள் அவன் மனைவி டிலுக்ஷி.

ஹட்டனில் போன் திருத்தும் கடை வைத்திருந்தான் அன்டன். மாதம் ஒருமுறை கூட்டாளிகளோடு கிழக்குக் கடலுக்குப் போவான். பிடித்த மீனில் பெரும்பாலானதைத் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவான். பவளப்பாறையில் சிக்கிக் கிடக்கும் அறுந்த வலைகளை மூச்சடக்கி முங்கி வெட்டி எடுப்பார்கள். பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிக்குள் வெடி போட்டு மீன் பிடிக்கும் வள்ளங்களைப் படமெடுத்து அதிகாரிகளுக்கு அனுப்புவார்கள்.

"நம்ம வீட்டு வாசல்லயா கடல் இருக்கு?" என்று அவள் சண்டை போட்டிருக்கிறாள்.

போன வருடம் பாறை நுனியில் தனியாக நின்றவனை அலை இழுத்துக்கொண்டு போய்விட்டதாகக் கூட்டாளிகள் வந்து சொன்னார்கள். பிறகு உடல் கரை ஒதுங்கியது.

ஒரு மீனுக்காகச் செத்துப்போனான் என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். அவளும் மனதுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உள்ள வந்து உக்காருங்க," என்றாள்.

வந்தவர் உட்காரவில்லை.

"அலை இழுக்கேல்ல தங்கச்சி. நாங்க வெடி போட்டதை அவர் படம் எடுத்தவர். நான் வாயில வந்தபடி ஏசினன். அடுத்த வெடி என்ர கையிலயே வெடிச்சு வள்ளமும் உடைஞ்சிட்டுது. அவர்தான் குதிச்சு வந்து என்னை இழுத்துக் கல்லில போட்டவர்."

டிலுக்ஷி வாசற்படி இறங்கி அவர் எதிரே வந்து நின்றாள்.

வள்ளம் கவிழ்ந்ததில் கை போனதென்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறாராம். பேப்பரில் அன்டனின் நினைவஞ்சலிப் படத்தைப் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லையாம். நாளைக்குப் பொலிசுக்குப் போய் உள்ளதைச் சொல்லப் போகிறாராம். அதற்கு முதல் இங்கே வந்து சொல்ல வேண்டும் என்று பட்டதாம்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"அவருக்கு நல்லா நீச்சல் தெரியுமே. ஒங்களக் கரை சேத்தவரு, அவரு மட்டும் ஏன் வரல?"

வந்தவர் எதிர்மலைத் தேயிலையைப் பார்த்தபடி நின்றார்.

"வள்ளத்தில என்ர தம்பியும் இருந்தவன். அவனை எடுக்கத் திரும்பப் போனவர். உங்கட ஆளின்ர உடம்பையாவது கடல் தந்திட்டுது; தம்பியை இன்னும் தரேல்ல."

லயத்தில் யாரோ குழந்தையை அதட்டும் சத்தம் கேட்டது.

டிலுக்ஷி உள்ளே போனாள். அன்டனின் படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த மெழுகுதிரியில் இன்னொன்றைப் பற்ற வைத்தாள்.

"ஒங்க தம்பி பேரு என்னங்க?" என்று திரும்பிக் கேட்டாள்.