மூன்றாம் மாடி மீன்தொட்டி

"இதென்ன பிள்ளை, மீன்தொட்டியோ சாக்கடையோ?"

சண்முகலிங்கம் வாசலில் நின்றபடியே மூக்கைப் பொத்தினார். மணம் ஒன்றும் இல்லைத்தான். பொத்தவேண்டும் போலிருந்தது, பொத்தினார். வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டுக்குச் செயலாளராய் இருப்பதென்றால் சும்மாவா?

பக்கத்து வீட்டுச் சிவானி சிரித்தாள். "காட்டு ஓடை இப்படித்தான் அங்கிள். சருகு ஊறி, தண்ணி பிளேன்டீ நிறத்துக்கு வந்தாத்தான் இந்த மீனுகளுக்குத் தங்கட ஊர் மாதிரி இருக்கும்."

கண்ணாடிக்குள் வேரும் சருகும் பச்சைச் செடியுமாய்க் கிடந்தது. நடுவே சிவப்புச் சிவப்பாய்ச் சின்ன மீன்கள்.

"காட்டைக் காட்டில வையும். ஊரெல்லாம் டெங்கு. இது நுளம்புப் பண்ணை!"

"மீன் இருக்கிற இடத்தில நுளம்பு எப்படி அங்கிள்..."

அவர் கேட்கவா நிற்கிறார்? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, பெயர் சொல்லாமல் சுகாதாரப் பரிசோதகருக்குப் போன் அடித்தார். தொட்டி இனி வெளியே போகத்தான் வேண்டும்!

மறுநாளே அந்தப் பரிசோதகர், பி.எச்.ஐ. மாத்தயா, வந்து இறங்கினார். சண்முகலிங்கம் ஒன்றும் அறியாதவர் போலப் பின்னால் போனார்.

பி.எச்.ஐ. தொட்டிக்குள் டோர்ச் அடித்தார். அடித்தவர் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார்.

"ஹரி லஸ்ஸனாய்! நல்ல வடிவு! எங்கட ஊர் ஓடை இதேதான். நுளம்பு வராது, மீன் திண்டுபோடும்."

சண்முகலிங்கத்துக்குச் சப்பென்றாகிவிட்டது.

"சரி, வந்தது வந்தாச்சு. மொட்டைமாடியும் பாப்பம்" என்றார் பி.எச்.ஐ.

ஐயோ! அங்கேதான் அவருடைய தாமரைத் தொட்டி. சாமிக்குப் பூ வேண்டுமென்று வைத்தது. முழங்கால் நோவென்று மேலே ஏறி எத்தனையோ நாளாயிற்று. ஒரு நுளம்புப் புழு கிடந்தாலும் செயலாளர் கோர்ட்டுப் படி ஏறவேண்டியதுதான். ஃபிளாட்டே கைகொட்டிச் சிரிக்கும். முருகா!

பி.எச்.ஐ. தாமரை இலையை விலக்கிப் பார்த்தார்.

"புழு இல்ல. சின்ன மீன் விட்டிருக்கு. ஆர் இந்த நல்ல வேலை செஞ்சது?"

சண்முகலிங்கமும் குனிந்து பார்த்தார். கூடவே ஏறி வந்த சிவானி முந்திக்கொண்டாள்.

"தொட்டி அங்கிள்ட, சேர்."

பி.எச்.ஐ. அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கிவிட்டுப் போனார்.

"பிள்ளை... அந்த மீனை நீரோ விட்டது? எப்ப?"

"போன மாசம். உடுப்புக் காயப்போட வந்தனான், தண்ணியெல்லாம் புழு நெளிஞ்சுது."

"எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"காலை இழுத்துக்கொண்டு படியேறி வருவியள் எண்டுதான் சொல்லேல்லை."

அவருக்கு வெட்கமாயிருந்தது.

"வேற ஆரும் எண்டால்... பி.எச்.ஐ.க்குப் போன் அடிச்சிருப்பினம்."

"சீ! பக்கத்து வீட்டு ஆக்களுக்கு ஆரும் அப்படிச் செய்வினமே, அங்கிள்?"