ஒரு பிடி மணல்

நேர்பாதையில் சீறிப் பாயும் பழைய டிராக் பந்தயக் காரின் எஞ்சினை வெர்லின் மூன்றாம் முறையாகப் பிரித்துப் புதுப்பித்திருந்தார். முன்பு இரு முறையும் அது புறப்படும் கோட்டிலேயே நின்றுபோயிற்று.

“நெஞ்சுல ஸ்டென்ட் வச்சவரு ஓட்டணுமா? விட்டுடுங்க,” என்றாள் மனைவி நெடா.

“நான் வரலைன்னா ஓஹியோ முழுக்கச் சிரிப்பானுங்க. செத்தாலும் ஸ்டியரிங்குலதான்,” என்றவர், நண்பர்களுடன் பீர் அருந்த முற்றத்துக்குச் சென்றார்.

நெடா ஒரு பிடி மணலுடன் கொட்டகைக்குள் நுழைந்தாள். அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே எஞ்சினைக் கற்றவள் அவள்; மணல் புகுந்தால் அது நின்றுவிடும் என்று தெரியும். கார்புரேட்டரின் மூடியைத் திறந்தாள்.

உள்ளே ஏற்கெனவே மணல் கிடந்தது. கொட்டகையின் சாவி அவர்கள் இருவரிடம் மட்டுமே உண்டு.

மூடியை மெல்ல மூடி, தன் கையிலிருந்த மணலை வெளியே உதறிவிட்டு முற்றத்துக்கு வந்தாள்.

“எவ்வளவோ சொல்லிட்டேன்,” என்றாள் நண்பர்களிடம். “ஓட்டியே தீருவேங்குறாரு.”

வெர்லின் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.