எரிகல் வீரனுக்கு மனைவி இல்லை

"வாயை நல்லாத் திறங்க. தலையை மட்டும் ஆட்டாதீங்க" என்றார் பல் டாக்டர்.

கதாசிரியர் திறந்தார்.

கீழ்க் கடைவாயில் போட்ட ஊசி வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. பாதி நாக்கு, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி உள்ளே கிடந்தது.

எச்சில் உறிஞ்சும் குழாயை நர்ஸ் அவர் உதட்டோரம் மாட்டினாள். டாக்டரின் அக்கா மகள். வந்ததிலிருந்து வாய் நிறைய "சித்தி, சித்தி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நாற்காலி பின்னால் சாய்ந்தபோதுதான் ஜன்னலோர மேசை கண்ணில் பட்டது. அதன்மேல் 'எரிகல் வீரன்' காமிக்ஸ், புத்தம்புதிய முதல் இதழ், முன்னட்டை தெரியக் கிடந்தது.

சொந்தப் பிள்ளையை அடுத்தவர் வீட்டில் பார்த்ததுபோல் ஒரு சின்னப் பெருமை. அது அதிக நேரம் நிலைக்கவில்லை.

"அதைத்தானே பாக்கறீங்க? இத்தனை வருஷக் கதையையும் அழிச்சிட்டு, ஒண்ணாம் நம்பர்ல இருந்து புதுசா ஆரம்பிக்கறாங்களாம். வீரனோட பொண்டாட்டியைக் காணோம் சார். சாகடிச்சிருந்தாக்கூட அழுதுட்டுப் போயிருப்பேன். கல்யாணமே ஆகலைங்கறான்!" என்றார் டாக்டர்.

கதாசிரியர் "ஆ" என்றார். அந்த நிலையில் எந்தக் கருத்துக்கும் அதுதான் பதில்.

பயப்பட ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எழுதுவது புனைபெயரில். பின்னட்டையில் வருடக்கணக்காக வரும் படத்தில்கூட வீரனின் முகமூடியை மாட்டிக்கொண்டுதான் நிற்பார். கண்ணும் மூக்கும் மறைந்து, வாய் மட்டும் வெளியே வஞ்சனையில்லாமல் சிரிக்கும். இங்கே வரவேற்பில் என்ன வேலை என்று கேட்டதற்கு இன்ஷூரன்ஸ் என்று சொல்லியிருந்தார்.

புதிய இதழ் வந்ததிலிருந்து எங்கே கேட்டாலும் அவர் இன்ஷூரன்ஸ்தான்.

காரணம் இருந்தது. ஒரு ரசிகர், மகனுக்கு ஆசையாக வைத்த வீரனின் பெயரை மாற்றப்போவதாக மிரட்டியிருந்தார். இன்னொருவர் பழைய இதழ்களையெல்லாம் பதிப்பக வாசலில் குவித்துக் கொளுத்தி, நடுவில் மனம் பொறுக்காமல் தாமே தண்ணீர் ஊற்றி அணைத்திருந்தார். மூன்றாமவர்தான் தூக்கத்தைக் கெடுத்தவர். கதாசிரியரின் வீட்டு முகவரி தெரிந்தவர்கள் தயவுசெய்து தனியாகத் தொடர்புகொள்ளுமாறு மிகவும் பண்போடு கேட்டிருந்தார்.

அந்த மூன்றாமவரை நினைத்து இரவெல்லாம் பல்லைக் கடித்ததில்தான் கடைவாய்ப் பல்லே வலிக்க ஆரம்பித்தது.

டாக்டர் முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். கண்கள் மட்டும் மிஞ்சின.

"நான் இந்தப் படிப்புக்கு வந்ததே அவளாலதான்" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் கதாசிரியருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீரனின் மனைவி என்ன வேலை பார்த்தாள் என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பல் டாக்டர். அவர்தான் அப்படி எழுதினார். எழுதிய அன்றைக்கு அவருக்குப் பல்வலி. வேறு எந்தத் தொழிலும் தோன்றவில்லை.

அவளை அழித்ததற்கும் பெரிய காரணம் கிடையாது. மனைவி என்று ஒருத்தி இருந்தால் வீரன் நேரத்துக்கு வீடு திரும்பவேண்டியிருக்கிறது. கதைக்கு அது இடைஞ்சல்.

"எழுதின ஆளு இன்னும் உயிரோடவா இருக்கான் சித்தி?" என்று கேட்டாள் நர்ஸ்.

"இருப்பாண்டி. நல்லா மென்னு தின்னுக்கிட்டு இருப்பான்."

இருவரும் சிரித்தார்கள். கதாசிரியரும் சிரிக்கப் பார்த்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் ஒத்துழைத்தது.

டாக்டர் சின்னக் கண்ணாடியை எடுத்து உள்ளே விட்டார். குளிர்ந்த வட்டம் கடைவாயைத் தொட்டு ஒரு கணம் நின்றது.

"அவங்க ரெண்டு பேரும் முதல்ல சந்திச்சுக்கற இதழ் இருக்கு பாருங்க, அதை எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. பல்வலின்னு முகமூடியோட வந்து உக்காருவான். ஊரே தேடற ஆளு. யாருய்யா நீன்னு அவ ஒரு வார்த்தை கேக்க மாட்டா. வாயைத் திறந்ததுமே தெரிஞ்சுக்குவா."

கண்ணாடி கடைவாயை விட்டு நகர்ந்தது.

மெதுவாக, ஒவ்வொரு பல்லாக விசாரித்துக்கொண்டு, மேலே ஏறி முன்னால் வந்தது. பாதி உடைந்த முன்பல்லின் பின்னால் வந்து நின்றுவிட்டது.

டாக்டர் அந்தப் பல்லை மேலும் கீழும் பார்த்தார். கோயிலில் நிற்பவர் போல் பார்த்தார். பிறகு கண்ணாடியின் கைப்பிடியால் 'டொக்' என்று தட்டினார்.

ஊசி போட்டது கீழ்க் கடைவாய்க்கு. மேலே முன்பல்லில் உணர்ச்சி நன்றாகவே இருந்தது.

"மேசையில இருக்கறதைத் திருப்பி வைம்மா" என்றார் டாக்டர். "அப்படியே கதவையும் சாத்திடு."

நர்ஸ் இதழைத் திருப்பி, ஜன்னல் சட்டத்தில் சாய்த்து நிறுத்தினாள். பின்னட்டை.

முகமூடிக்குக் கீழே அந்த வாய், ஊருக்கே தெரியும்படி சிரித்துக்கொண்டிருந்தது. பாதி உடைந்த முன்பல்லோடு.

கதவு சாத்தப்பட்ட சத்தம் கேட்டது.

டாக்டர் குனிந்தார். விளக்கு அவர் தலைக்குப் பின்னால் மறைந்து, முகம் இருண்டது. அப்போதும் "சார்" என்றுதான் கூப்பிட்டார்.

"அவ திரும்பி வருவாளா சார்?"

கதாசிரியர் "ஆ" என்றார். அது போதாது என்று அவருக்கே பட்டது. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, வருவாள், அடுத்த இதழிலேயே வருவாள் என்று வேகவேகமாகத் தலையை ஆட்டினார்.

டாக்டர் பெருமூச்சு விட்டார்.

"தலையை ஆட்டாதீங்கன்னு முதல்லயே சொன்னேன்ல" என்றபடி பல் துளைக்கும் மிஷினின் மிதியில் காலை வைத்தார்.