ஓட்டு வீட்டின் நானூறு படங்கள்

தடால் என்று டிரங்குப் பெட்டி சரிந்து, ரயில் அருங்காட்சியகத்தின் தரையெங்கும் புகைப்படங்கள் சிதறின. காலமான எஞ்சின் டிரைவர் ஞானப்பிரகாசத்தின் சேகரிப்பு. மகள் எமல்டா கொண்டுவந்திருந்தாள். பழைய கால அட்டவணைகள், எஞ்சின் படங்கள் எல்லாவற்றையும் காப்பாளர் துரைசிங்கம் ஆசையோடு எடுத்துக்கொண்டார். ஒரு படக்கட்டை மட்டும் திருப்பி நீட்டினார்.

"இதுல ரயிலே இல்லையேம்மா. நானூறு படமும் ஒரே ஓட்டு வீடு. வாடகைக்கா விடப்போறேன்? எடுத்துட்டுப் போயிருங்க."

"இதையும் வெச்சுக்கங்க சார். ஓடுற எஞ்சின்லேர்ந்து அப்பா எடுத்த எங்க வீடு. வீட்டுல எல்லாரும் சௌக்கியம்னா அம்மா கொடியில பச்சைத் துணி போடுவாங்க. அப்பா ஹாரன் அடிச்சுட்டுப் போயிடுவாரு. அவசரம்னா சிவப்பு."

அவர் புரட்டினார். பச்சை, பச்சை, மறுபடி பச்சை. ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி, வண்டி எண், அதே கிலோமீட்டர் கல். நடுவில் ஒரே ஒரு படத்தில் சிவப்புப் புடவை தொங்கியது. அதில் மட்டும் வீடு கலங்கலாகப் பதிந்திருந்தது. துரைசிங்கம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அன்னைக்கு என்னம்மா ஆச்சு?"

"அன்னிக்குத்தான் நான் பொறந்தேன் சார். முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல அப்பா நிக்காமத் தாண்டின ஒரே சிவப்பு."