விளிம்புப் பக்கம் வராதே

கிட்ட வந்து உட்காருங்க, இது மெஷின் சத்தத்துக்கு நடுவுல நடந்த கதை.

ஒரு பழைய சிவப்புக் கார் இருந்துச்சு. வருசக்கணக்கா வெயில்ல நின்னு பெயிண்ட் வெளுத்துப்போய், தொட்டா சுண்ணாம்பு மாதிரி கையில ஒட்டும். அதைத் தேய்ச்சுப் பளபளப்பாக்க ஒரு பாலிஷ் மெஷின் வந்துச்சு. பானெட்டு நடுவுல தேய்ச்சதுமே பழைய சிவப்பு பளிச்சுன்னு தெரிஞ்சது. காருக்குச் சந்தோஷம் தாங்கலை.

"பார்த்தியா கிழவா, நான் போட்ட பிச்சை!"ன்னுச்சு மெஷின்.

காருக்குச் சுருக்குன்னு ஏறிச்சு. "பிச்சையா? உன் மூஞ்சியில கட்டியிருக்கற பஞ்சைப் பாருடா, என் பெயிண்ட்டுதான் அப்பிக் கிடக்கு. உள்ள இருந்ததும் என் நிறம், நீ தின்னதும் என் நிறம். இத்தோட நிறுத்து. விளிம்புப் பக்கம் வராதே. அங்க பெயிண்ட் வெங்காயச் சருகு மாதிரி. தேய்ச்சா தகரம் தெரியும், அப்புறம் துரு என்னைத் தின்னுடும்."

"ஹேண்ட்பிரேக் கூட நிக்காத ஓட்டை வண்டி நீ, எனக்குத் தொழில் சொல்லித் தர்றியா? வாயை மூடிட்டு நில்லு!"

மெஷின் உறுமிக்கிட்டே விளிம்பைப் பார்த்து வந்துச்சு. காருக்கு ரேடியேட்டர் வரைக்கும் கொதிச்சுது. அப்பதான் மெஷினோட ஒயர் எதிர்ச் சுவத்துல இருந்து வந்து, தன் முன்சக்கரத்தைச் சுத்திக் கிடக்கறதைப் பார்த்துச்சு.

மெஷின் விளிம்புக்கு ஒரு விரக்கடை தூரத்துல வந்தப்போ, கார் அந்த நிக்காத ஹேண்ட்பிரேக்கை விட்டுட்டு, லேசான சரிவுல ஒரே ஒரு முழம் பின்னால உருண்டு, சுவத்துல இருந்த பிளக்கைப் பிடுங்கிப் போட்டுச்சு.